அறபு மொழியில் இருளும் இரவும்

தலவாக்கலைப் பக்கமிருந்து வரும் புகைவண்டி கொட்டகலை நிலையத்தை விட்டு நீங்கியபின், அட்டனை எய்துமுன், சிங்கமலைச் சுரங்கத்தினுட் புகுகின்றது. அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளும் அச்சுரங்கத்தின் நடுவில் நண்பகலினும் கண் பயன்படுவதில்லை. தோட்டத்து மக்கள் 'கும்மிருட்டு' என வழங்கும் சொல்லின் பொருளை அங்கே முழுமையாக உணரலாம். அறபு மொழியிற் சுரங்கத்துக்கு 'நஃபக்' என்பது பெயர். அதே வேரிற் பிறந்த மற்றொரு சொல் 'முனாஃபிக்' என்பது. அகத்தொன்றும் புறத்தொன்றுமாய் ஒழுகும் வஞ்சகனை அது குறிக்கும். தமிழ் முஸ்லிம்களும் நன்கறிந்த சொல். பாலைநிலத்து எலியொன்று தன் வளைக்கு இரு வாயில் அமைத்து, அவற்றுள் ஒன்றை மெல்லிய மண்ணால் மூடி வைக்குமாம். பகை ஒரு வாயிலால் நுழைந்தால் மறு வாயிலை முட்டித் திறந்து அது தப்பிவிடும். ஒரு வழியாற் புகுந்து மறு வழியால் வெளியேறும் மனிதனுக்கு அவ்வளையின் பெயரே அமைந்தது என்று அறபு அகராதியாசிரியர் கூறுவர்.

இந்த ஒரு சொல்லை மாத்திரம் நோக்குவோர், அறபியர் இருளைத் தீமையின் உறைவிடமாகவே கொண்டனர் போலும் என எண்ணக்கூடும். இருளென்றால் அறியாமை, கறுப்பென்றால் இழிவு என்று எல்லா மொழியையும் ஒரே அளவுகோலால் அளக்கும் வழக்கம் கற்றாரிடையும் உண்டு. ஆனால் அம்மொழியின் இருட்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வேரறிந்து நோக்குமிடத்து, அவ்வெண்ணம் நிற்பதாகத் தோன்றவில்லை. அவற்றுட் பல குறிப்பது தீமையை அன்று, மூடுதலை. மூடப்பட்டது பெரும்பாலும் காக்கப்பட்டதாகவே இருக்கின்றது.

அறபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்தாலாகிய வேரிலிருந்து பிறப்பன. உயிரொலி மாறியும் முன்னும் பின்னும் ஒலி சேர்ந்தும் ஒரே வேர் பல பெயராகவும் வினையாகவும் விரியும். ஆதலின் ஒரு சொல்லின் சுற்றத்தை அறிந்தாலன்றி அதன் இயல்பு விளங்காது. இரவுக்குப் பொதுப்பெயர் 'லைல்' என்பது. ஓர் இரவு 'லைலத்'. இருளுக்குப் பொதுப்பெயர் 'ளுல்மத்' என்பது. இதன் முதலெழுத்தின் ஒலி தமிழில் இல்லை. பகற்றொழுகையை 'ளுஹர்' என எழுதும் தமிழ் முஸ்லிம்களின் வழக்கைத் தழுவி ளகரத்தால் எழுதுவதே தக்கது.

'ளுல்மத்' என்பதோடு ஒலியால் ஒட்டி நிற்பது 'ளுல்ம்' என்னும் சொல். கொடுமை, அநீதி என்பது அதன் பொருள். இருளும் அநீதியும் ஒரே வேரின என்று கொண்டு, 'அறம் அற்ற இடமே இருள்' என அழகாக விளக்கிவிடலாம். ஆயின் 1004ஆம் ஆண்டளவில் மறைந்த இப்னு ஃபாரிஸ் என்னும் பேரறிஞர் அவ்வாறு செய்தாரல்லர். வேர்ப்பொருளை ஆராய்ந்து அவர் இயற்றிய அகராதியில் இம்மூன்றெழுத்துக்கு இரண்டு தனித்தனி வேர்ப்பொருள் உண்டென வரையறுத்தார். ஒன்று ஒளிக்கு மறுதலையாகிய இருள். மற்றொன்று ஒரு பொருளை அதற்குரியதல்லாத இடத்தில் வைத்தல். பிறனுக்குரியதைப் பறித்துத் தன்னிடத்து வைத்தல் அநீதி. தகாதவனைத் தக்க இடத்தில் வைத்தலும் அநீதி. இவ்விளக்கத்தின்படி கொடுமைக்குப் பெயர் தந்தது இருளன்று, இடமாற்றமே. இக்கால ஆராய்ச்சியாளருள் இரண்டையும் ஒன்றாகக் கருதுவோரும் உளர். எனினும், எளிதிற் கிடைத்த அழகிய விளக்கத்தை மறுத்த அப்பழைய ஆசிரியரின் நிதானம் போற்றத்தக்கது.

சைவ மாணாக்கர்க்கு இவ்விடத்தில் உமாபதி சிவாசாரியார் நினைவுக்கு வருவார். பதினான்காம் நூற்றாண்டினராகிய அவர் திருவருட்பயனில் 'இருண்மலநிலை' என ஓரதிகாரமே வகுத்தார். ஆணவ மலத்துக்கு இருள் என்று பெயரிட்டும், புற இருளோடு அதனை ஒன்றாக வைத்தாரல்லர். புற இருள் பிற பொருளை மறைத்தாலும் தன்னை மறைப்பதில்லை. 'இருட்டாயிருக்கிறது' என்று எவரும் அறிவர். ஆணவமோ பிறவற்றை மறைப்பதோடு தன் இருப்பையும் மறைத்து நிற்பது. அவர் காட்டும் வேறுபாடு இதுவே. எனவே இருளினும் கொடியது ஆணவம். உவமையை உவமையளவில் நிறுத்தும் இந்த நுட்பம், இருளென்னும் சொல்லின்மேற் பழியேற்றுவோர்க்கு நல்ல மறுமொழியாகும்.

இனி மூடுதற்பொருட் சொற்களைக் காண்போம். ஜீம், நூன், நூன் என்னும் மூன்றெழுத்தாலாய வேர் 'மறைத்தல்' என்னும் பொருளது. இரவு வந்து மனிதனைப் போர்த்தது என்பதற்கு இவ்வேரின் வினையே திருக்குர்ஆனிலும் வருகின்றது. இவ்வேரிற் பிறந்த குடும்பமோ பெரிது. கண்ணுக்குப் புலப்படாத உயிர் 'ஜின்'. தாயின் வயிற்றில் மறைந்திருக்கும் கரு 'ஜனீன்'. மரச்செறிவால் நிலம் தெரியாமல் மூடிய தோட்டம் 'ஜன்னத்'. அதுவே சுவர்க்கத்துக்கும் பெயர். வீரனை மறைத்துக் காக்கும் கேடயம் 'மிஜன்'. அறிவு மூடப்பட்டவன் 'மஜ்னூன்'. பேயும் சேயும் சுவர்க்கமும் கேடயமும் பித்தும் ஒரே இரவுப் போர்வையின்கீழ்க் கிடக்கின்றன. லைலா மஜ்னூன் காதற்கதை தமிழர்க்கும் நெடுங்காலமாகப் பழக்கமானது. 'லைலா' என்னும் பெயர் இரவோடு உறவுடையதென அகராதியாசிரியர் கொள்வர். 'லைலத் லைலாஉ' என்றால் மிகக் கரிய நெடிய இரவு. மஜ்னூன் இரவு மூடுதலைக் குறிக்கும் வினையின் வழிவந்தவன். காதலியும் காதலனும் பெயராலேயே ஒருவரையொருவர் தேடுவது போலும்.

மூடுதலைக் குறிக்கும் மற்றொரு வேர் காஃப், ஃபே, றே என்பது. 'காஃபிர்' என்னுஞ் சொல்லைச் சமயப் பொருளிலன்றிப் பலர் அறியார். பழைய அறபுக் கவிதையில் இரவுக்கும் காஃபிர் என்று பெயர், எல்லாவற்றையும் மூடுதலால். கடலுக்கும் அப்பெயர் உண்டு. விதையை மண்ணால் மூடுதலின் உழவனும் அப்பெயர் பெற்றான். அல்குர்ஆனின் 57ஆம் அத்தியாயத்தில் வரும் பன்மை வடிவுக்கு உழவர் என்றே உரையாசிரியர் பலர் பொருள் கொண்டனர். உண்மையை அறிந்தும் மூடுவோன், செய்ந்நன்றியை மூடுவோன் என்பன இதன்வழி விரிந்த பொருள்கள். பிழையை மூடுதற்குச் செய்யும் கழுவாய் 'கஃப்பாரத்' எனப்படும்.

இச்சொல்லின் பின்வரலாறு இலங்கைக்கு அயலானதன்று. கிழக்காபிரிக்கக் கரையோரம் வணிகஞ்செய்த அறபியர், அங்கு இசுலாத்தைத் தழுவாத மக்களை இச்சொல்லாற் சுட்டினர். போர்த்துக்கேயர் அதைக் கேட்டுத் தம் மொழியில் மக்களினப் பெயராக்கிக்கொண்டனர். அவரும், பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும், போர்வீரராகவும் அடிமைகளாகவும் ஆபிரிக்கரை இத்தீவுக்குக் கொணர்ந்தபோது பெயரும் உடன் வந்து, தமிழில் 'காப்பிரி' ஆயிற்று. புத்தளத்தை அடுத்த சிரம்பையடியில் வாழும் அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அப்பெயரால் அறியப்படுகின்றனர். தாமும் அதனைத் தம் பெயராகவே கொண்டனர். தென்னாபிரிக்காவிலோ அதே சொல் கொடிய வசையாய் முற்றி, அங்கு அதனை ஒருவர்மேற் பயன்படுத்துதல் சட்டத்தால் தண்டிக்கத்தக்க செயலாயிற்று. இரவின் பெயராகவும் உழவனின் பெயராகவும் இருந்த சொல் வசையானமைக்கு இருள் பொறுப்பன்று. மனிதரை விற்றும் வாங்கியும் வாழ்ந்த வாணிகமே பொறுப்பு.

இரவோடு இன்னும் நெருங்கிய சொல்லொன்று வீட்டின் பெயர். 'பாத்த' என்னும் வினைக்கு இரவைக் கழித்தல் என்பது பொருள். அவ்வேரிலிருந்து வந்ததே வீட்டைக் குறிக்கும் 'பைத்' என்பது. பகலில் மனிதன் எங்குத் திரிந்தாலும் இராப்பொழுதிற் கிடக்கும் இடமே அவன் வீடு. கூடாரத்தைத் தோளிற் சுமந்து திரிந்த மக்கள் வீட்டுக்கு வேறெவ்வாறு இலக்கணம் வகுப்பர்? செய்யுளின் ஓரடியும் 'பைத்' எனப்படும். கூடாரத்தின் உறுப்புகளாகிய கயிறு, முளை முதலியவற்றின் பெயரையே யாப்பின் அசைகளுக்கும் இட்டனர் பழைய இலக்கணகாரர். தமிழ் முஸ்லிம் ஊர்களில் 'பைத்து ஓதுதல்' என்று இன்றும் வழங்குவது இதுவே. தமிழிலும் இதற்கு இணை காணலாம். 'வைகுதல்' என்பது தங்குதலையும் குறிக்கும். பொழுது புலர்தலையும் குறிக்கும். தங்கியிருந்து விடிந்த வேளை வைகறையாயிற்று.

கறுப்புநிறச் சொல்லுக்கு வருவோம். 'ஸவாத்' என்பது கருமை. தென் இராக்கின் வளமிக்க வயல்நிலத்துக்கு அதுவே நெடுங்காலம் பெயராய் இருந்தது. வெளிறிய மணற்பரப்பிலிருந்து வருவோன் கண்ணுக்குத் தொலைவிலுள்ள பசுமை கருமையாய்த் தோன்றியமையே காரணமென்பர். திருக்குர்ஆனின் 55ஆம் அத்தியாயம் சுவர்க்கத்துத் தோட்டமிரண்டைக் கருமைப்பொருட் சொல்லாற் சிறப்பிக்கின்றது; பசுமையின் முதிர்ச்சி கருமை என்பது கருத்து. பாலைநிலம் காணாத கொட்டகலை மாணாக்கனுக்கும் இது விளங்காததன்று. மாலையில் எதிர்மலையில் நின்று நோக்கினால் தேயிலைச் சரிவு பச்சையாய் இராது, கறுத்தே தோன்றும். தமிழில் 'கார்' என்பது கருமை, முகில், மழைக்காலம், அக்காலத்து விளையும் நெல் ஆகிய அனைத்துக்கும் பெயராதலையும் இங்கு ஒப்புநோக்குக. வறண்ட நிலத்தாரும் மழை வேண்டும் நிலத்தாரும் கருமையில் வளத்தையே கண்டனர். தொல்காப்பியர் குறிஞ்சித்திணைக்கு யாமத்தைச் சிறுபொழுதாக வகுத்ததும் எண்ணத்தக்கது. மலைக்கு உரிய பொழுது நள்ளிரவு. அது அச்சத்தின் பொழுதாக அன்று, தலைவனும் தலைவியும் கூடும் பொழுதாகவே இலக்கணத்தில் இடம்பெற்றது.

அறபு இருட்சொற்களுள் அறிஞரை மிக மயக்கியவை முரண்பொருட் சொற்கள். ஒரே சொல் ஒன்றுக்கொன்று மறுதலையான இரு பொருளைத் தருவதை 'அள்தாத்' என்பர். 940இல் மறைந்த இப்னுல் அன்பாரி இத்தகைய சொற்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். 'ஸுத்ஃபத்' என்பது தமீம் குலத்தார் பேச்சில் இருளையும் கைஸ் குலத்தார் பேச்சில் ஒளியையும் குறித்தது. 'அஸ்அஸ' என்பது இரவு வந்தது என்றும் பொருள்படும், இரவு நீங்கியது என்றும் பொருள்படும். 'ஸரீம்' என்பது இரவுக்கும் பகலுக்கும் பெயர். இப்படியிருப்பின் கேட்போன் எவ்வாறு பொருளுணர்வான் என வினவலாம். அகராதியாசிரியர் விடையும் வைத்தனர். 'ஸரீம்' வெட்டுதலைக் குறிக்கும் வேரின்பாற்பட்டது. இரவு பகலிலிருந்து அறுபடுகின்றது, பகலும் இரவிலிருந்து அறுபடுகின்றது. எனவே இரண்டும் 'அறுபட்டது' எனும் பெயர்க்கு உரியன. 'ஸுத்ஃபத்' என்பது ஒளியும் இருளும் கலந்த வேளைக்குரியது. கலப்பில் ஒரு குலத்தார் இருளைக் கண்டனர், மற்றவர் ஒளியைக் கண்டனர்.

இது வியப்பன்று. தமிழிலும் 'எல்' ஒளியாகவும் ஞாயிறாகவும் பகலாகவும் நிற்க, அதன்வழிவந்த 'எல்லி' இரவையும் பகலையும் குறிக்கின்றது. 'கருக்கல்' என்பது மாலை மங்கலுக்கும் உண்டு, விடியற்கருக்கலுக்கும் உண்டு. மூடுபனி கவிந்த விடியலில் பெரட்டுக்குப் புறப்படும் தோட்டத்தார் ஒருவர் 'விடிந்துவிட்டது' என்பார். உடன் நடப்பவர் 'இன்னும் இருட்டுத்தான்' என்பார். இருவர் கூற்றும் மெய்யே.

மாலையோடு பிறந்த சொற்களும் சில உள. ஞாயிறு மறையும் வேளையும் மேற்கும் 'மஃரிப்' எனப்படும். மொரோக்கோ நாட்டுக்கும் அதுவே பெயர். அவ்வேருக்கு விலகிப்போதல் என்னும் பொருளுண்மையின், தன் இடம் விட்டு விலகியவன் 'கரீப்' ஆயினான்; அயலான் என்பது பொருள். பாரசீகத்திலும் உருதுவிலும் அது கைவந்தபின் ஏழை எனவும் பொருள்பட்டது. ஊர்பெயர்ந்தவனுக்கு உற்றார் இலர். உற்றார் இலாதவன் ஏழையே. இப்பொருண்மாற்றத்தை மலைநாட்டார்க்கு விரித்துரைத்தல் வேண்டா. கோப்பித் தோட்டத்துக்கும் பின் தேயிலைத் தோட்டத்துக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தோரின் வழியினர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாற் பெரும்பாலும் நாடற்றோராக்கப்பட்டனர். எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை கிட்ட 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. பிறந்த மண்ணிலேயே 'கரீப்' ஆதல் எத்தகையது என்பதை அவர்கள் அகராதியின்றியே அறிந்தனர்.

இராத்தொழுகையின் பெயராகிய 'இஷா' என்பதோடு உறவுடையது 'அஷா' என்னும் கண்ணோய்ப் பெயர். அந்திக்குப்பின் பார்வை மழுங்கும் அந்நோயைத் தமிழர் மாலைக்கண் என்றனர். தொடர்பில்லாத இரு மொழியாரும் ஒரு நோய்க்கு மாலைப்பொழுதைக் கொண்டே பெயரிட்டமை காண்க. கண்பார்வை குறைந்த பழங்கவிஞரொருவர் 'அல்அஷா' என்னும் அடைபெயராலேயே புகழ்பெற்றார்.

நாளைக் கணக்கிடும் முறையிலும் இரவுக்கே முதலிடம். பிறை தோன்றுவது ஞாயிறு மறைந்தபின். மாதம் பிறையோடு தொடங்குதலின் நாளும் மாலையிலேயே தொடங்கும். இரவு முன், பகல் பின். இதனாற்றான் முஸ்லிம்கள் 'வெள்ளி இரவு' என்பது பிறர் வியாழன் இரவு என்பதை. அட்டன் கடைவீதியில் அடுத்தடுத்துக் கடை வைத்திருப்போர் இதனை அறியாவிடின், வெள்ளி இரவு விருந்துக்கு ஒருநாள் பிந்திச் செல்ல நேரும். பழைய அறபியர் மாதத்து இரவுகளை மும்மூன்றாகப் பகுத்து ஒவ்வொரு மூன்றுக்கும் பெயரிட்டனர். நிறைமதியை ஒட்டியவை 'பீள்', வெண்மையானவை. தேய்பிறையில் வரும் மூன்று 'ளுலம்', இருண்டவை. அதன்பின் 'ஹனாதிஸ்', மையிருட்டு. நவராத்திரியையும் சிவராத்திரியையும் இரவால் எண்ணும் இந்துக்களுக்கு 'லைலத்துல் கத்ர்' என்னும் பெயரமைப்பு அயலாகத் தோன்றாது. ஆனால் ஒலியொப்புமை கண்டு ஏமாறலாகாது. நூருன்னிசா என்னும் பெயரிலுள்ள 'நிசா' வடமொழி நிசை அன்று. அஃது அறபில் 'மகளிர்' என்று பொருள்படும். 'மகளிருள் ஒளி' என்னும் பெயரை 'இரவின் ஒளி' எனப் பொருள்கொள்வோர் உளர். கேட்க இனிதாயினும் பிழை.

மலைநாட்டின் முதற் பெருந்தோட்டப் பயிராகிய கோப்பிக்கும் இரவுக்கும் தொடர்புண்டு. 'கஹ்வா' என்னும் அறபுப் பெயரே துருக்கி வழியாகவும் ஐரோப்பிய மொழிகள் வழியாகவும் உலகெங்கும் பரந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் யெமன் நாட்டுச் சூஃபிகள் இராமுழுதும் விழித்திருந்து இறைவனை நினைத்தற்குத் துணையாக அப்பானத்தைப் பருகினர். இலங்கையில் 1869இற் காணப்பட்ட இலைநோய் அப்பயிரைப் படிப்படியாக அழிக்க, தேயிலை அவ்விடத்தைக் கொண்டது.

இரவில் நடத்தலுக்கென்றே அறபில் தனிச்சொல் உண்டு. 'ஸுரா' என்பது அது. நபிகள் நாயகத்தின் இராப்பயணம் 'இஸ்ராஉ' எனப்படுவதும் அவ்வேரினாலேயே. விடிந்தபின்னரே இராநடையின் அருமை தெரியும் என்னும் கருத்தில் அறபியரிடைப் பழமொழியொன்றும் வழங்குகின்றது. 1344இல் இத்தீவுக்கு வந்த இப்னு பதூதா, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு அவர் உதவியோடு ஆதத்தின் பாதச்சுவடு உள்ளதென முஸ்லிம்கள் நம்பும் மலைக்குச் சென்றார். சைவர்க்கு அது சிவனொளிபாதமலை. அட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி அடைந்து, மார்கழி தொடங்கி வைகாசி வரை அடியார் அதன்மேல் ஏறுவது இரவிலேதான். அவர்கள் உச்சியை அணுகும் வேளை, நோன்பாளர் உணவுகொள்ளும் 'ஸஹர்', இரவின் இறுதிக்கூறு. அதனையடுத்து வருவது 'ஃபஜ்ர்'. பிளத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். கிழக்குப் பிளந்து ஞாயிறு எழுந்ததும், மலையின் நிழல் முக்கோண வடிவாய் மேற்குப் பள்ளத்தாக்கின்மேல் விழுகின்றது. காலைநிழலுக்கு அறபில் 'ளில்' என்று பெயர். நண்பகலுக்குப்பின் திரும்பி வரும் நிழல் 'ஃபைஉ'. 'ளில்' புகலிடத்தையும் குறிக்கும். தமிழில் 'நிழல்' என்பது ஒளிக்கும் அருளுக்கும் பெயராதல் போல.